உதவிக் கப்பலும் பெயர்ப் பட்டியலும்

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அரிசியும் மருந்தும் அனுப்பினால் நாளேடுகளில் கப்பலின் படம் வரும். எத்தனை டன் ஏற்றப்பட்டது, கொடியசைத்து அனுப்பி வைத்தவர் யார் என்பவை முதல் பக்கச் செய்தியாகும். அந்த அரிசி கடைசியில் எந்த வீட்டு உலையில் வெந்தது என்பது செய்தியாவது அரிது. ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் மனிதநேயம் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய இந்த இரண்டாவது கேள்விதான் நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெடுங்காலம் கொடுக்கும் நாடுகள் என்றால் அமெரிக்கா, மேற்கு ஐரோப்பிய நாடுகள், ஜப்பான் என்றே உலகம் அறிந்திருந்தது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் வாங்கும் கண்டங்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் படம் மாறிவிட்டது. பிரேசில் 1987இலும் துருக்கி 1992இலும் பிற நாடுகளுக்கு உதவுவதற்கென்றே அமைப்புகளை நிறுவின. இந்தியா 2012இல் தன் வெளியுறவு அமைச்சுக்குள் அதற்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியது. சீனா 2018இலும் இந்தோனேசியா 2019இலும் அவ்வழியில் சென்றன. இவற்றையே இன்று வளரும் வல்லரசுகள் என்கிறோம். 2025 ஜூலையில் அமெரிக்கா தன் புகழ்பெற்ற வளர்ச்சி உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் பணிகளை முடித்துக்கொண்ட பிறகு, இப்புதிய கொடையாளர்களின் போக்கை அறிந்துகொள்வது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு இது தொலைவான பொருள் அன்று. இந்தியா இலங்கைக்கு அனுப்பிய உதவிகளின் வரலாற்றில் கொடுத்தவர்களாகவும், வாங்கியவர்களாகவும், யார் பெயரால் கேட்கப்பட்டதோ அவர்களாகவும் தமிழர்களே இருந்திருக்கிறார்கள். ஆகவே அவ்வரலாற்றையே முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பிறகு நம் மலேசியாவுக்கு வருவோம்.

ஈகையா, ஒப்புரவா?

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாம். ஆயினும் வள்ளுவர் அவற்றைத் தனித்தனியே வைத்தார். ஈகை என்பது பயன் கருதாமல் வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் வளத்தை ஊருக்குப் பயன்படச் செய்வது.

வளரும் வல்லரசுகள் தம் உதவியை விவரிக்கும் முறையைக் கவனித்தால், அவை ஈகை என்ற சொல்லை விரும்புவதில்லை என்பது புலப்படும். 'கொடையாளர்' என்று தம்மை அழைத்துக்கொள்ளத் தயங்குகின்றன. 'ஒத்துழைப்பு', 'பங்காளித்துவம்' என்பவையே அவற்றின் சொற்கள். இதற்குக் காரணம் உண்டு. இவையெல்லாம் ஒரு காலத்தில் வாங்கும் வரிசையில் நின்ற நாடுகள். நிபந்தனையோடு வரும் உதவியின் கசப்பை அறிந்தவை. 1954இன் பஞ்சசீலக் கொள்கையும் 1955இன் பாண்டுங் மாநாடும் பிறர் உள்விவகாரத்தில் தலையிடாமையை அறமாகவே வகுத்தன. இந்தியா 1964இல் தொடங்கிய ஐடெக் பயிற்சித் திட்டமும், மலேசியா 1980 செப்டம்பரில் புதுடில்லியில் நடந்த காமன்வெல்த் வட்டார மாநாட்டின்போது தொடக்கி வைத்த தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டமும் இந்த மனப்பான்மையின் பிள்ளைகளே. பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பது, கேட்டதைக் கொடுப்பது, கேள்வி கேட்காமல் கொடுப்பது என்பதே இவற்றின் பாணி.

இந்தப் பாணியில் மரியாதை இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அரசு அரசுக்குக் கொடுக்கிறது. வாங்கும் அரசு தன் மக்கள் அனைவரையும் ஒரே கண்ணால் பார்த்தால் பிழையில்லை. ஒரு பகுதி மக்களோடு அது போரிட்டுக்கொண்டிருந்தால், அல்லது அவர்களைக் குடிமக்களாகவே ஏற்காவிட்டால், அந்த மரியாதை யாருக்குப் பயன்படும்?

மூன்று கதவுகள்

உதவிப் பொருள் ஒன்று தேவைப்படுவோர் கையில் சேர மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். முதல் கதவு கேட்பது: உதவி வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கு? இரண்டாவது கதவு நுழைவது: எல்லையைத் திறந்துவிடுபவர் யார்? மூன்றாவது கதவு பகிர்வது: யார் பெயர் பட்டியலில் ஏறுகிறது?

முதல் இரண்டுக்கும் அனைத்துலக விதி உண்டு. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை நிறைவேற்றிய 46/182 ஆம் தீர்மானம், மனிதநேய உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடும் பொதுவாக அந்நாட்டின் வேண்டுகோளின் பேரிலும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. மூன்றாவது கதவுக்கு அத்தகைய தெளிவான விதி கிடையாது. அது உள்ளூர் அலுவலகத்தின் மேசையில் தீர்மானிக்கப்படுகிறது.

இம்மூன்றாவது கதவை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவன் அல்லன். என் ஊர் பெக்கோக். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதையில் இருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் இரண்டு அலைகளாக வந்த பெருவெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். 2023 மார்ச்சில் எங்கள் மாவட்டம் மீண்டும் நீரில் மூழ்கியது. அரிசிக்கும் போர்வைக்கும் அப்போதெல்லாம் பெரிய குறை இருந்ததில்லை. குறை பட்டியலில்தான் இருந்தது. நிவாரண மையத்துக்கு வந்து பதிந்த குடும்பத்தின் பெயர் உடனே ஏறிவிடும். உறவினர் வீட்டுக்குப் போய்விட்ட குடும்பம் பிறகு சான்று தேடி அலைய வேண்டும். தோட்டம் கைமாறியபோது இடம் மாறியவர்களுக்கு அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியே இருக்கும். அவர்கள் இவ்வூரில்தான் வசிக்கிறார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும். கம்பத்தில் அதைச் சொல்லக் கிராமத் தலைவர் இருக்கிறார். லயத்து வீடுகளில் அந்த வேலையைச் செய்பவர் யார் என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரோ பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இராது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலின் இயல்பே அதுதான். ஆவணம் உள்ளவனை அது கண்டுகொள்ளும். இல்லாதவனைக் கடந்து செல்லும். போரும் இன முரண்பாடும் இல்லாத ஒரு சிற்றூரிலேயே இப்படியென்றால், அவை உள்ள நாட்டில் எப்படியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். இனி இலங்கையைப் பார்ப்போம்.

1987: கதவை உடைத்த உதவி

1987 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வதற்கு இலங்கை அரசு தடை விதித்தது. மே மாத இறுதியில் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. தமிழ்நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. ஜூன் 3ஆம் நாள் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு படகுகள் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை அவற்றை நடுக்கடலில் மறித்துத் திருப்பியனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் உணவுப் பொருளை வீசின. 'பூமாலை நடவடிக்கை' என்று அதற்குப் பெயர்.

இங்கே முதல் இரண்டு கதவுகளும் உடைக்கப்பட்டன. இலங்கை அரசு கேட்கவுமில்லை, திறக்கவுமில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் வானத்தை நோக்கி மகிழ்ந்தது இயல்பே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல லட்சம் பேர் வாழ்ந்த குடாநாட்டில் 25 டன் என்பது ஆளுக்கு ஐம்பது கிராம்கூட ஆகாது. வானிலிருந்து விழுந்த மூட்டைக்குப் பட்டியலும் இல்லை. அது பசிக்கு அனுப்பிய உணவு என்பதைவிடக் கொழும்புக்கு அனுப்பிய கடிதம் என்பதே பொருந்தும். கடிதம் வேலை செய்தது. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 29ஆம் நாள், இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் தொடர்ச்சியாக வந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச் வரை தங்கியதும், அக்காலத்தில் தமிழ் மக்கள் பட்ட துன்பமும் நாம் அறிந்தவை. உணவோடு வந்த அரசு படையோடும் வரலாம் என்ற பாடம் அங்கே எழுதப்பட்டது. கதவை உடைக்கும் உதவிக்கு இந்தியா பிறகு எளிதில் துணியவில்லை.

2004: ஒரே நாளில் வாங்குபவரும் கொடுப்பவரும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் மாண்டனர்; அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் நாட்டில் பினாங்கு, கெடா கரையோரங்கள் உட்பட 68 பேர் பலியாயினர்.

அந்தச் சூழலில் இந்தியா இரண்டு முடிவுகளை எடுத்தது. நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகளின் உதவி தேவையில்லை என்று அறிவித்தது. அதே வேளையில் தன் கடற்படைக் கப்பல்களை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அனுப்பியது. இலங்கைக்கான பணிக்கு 'வானவில்' எனப் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. தன் வீட்டில் சாவு விழுந்த நாளிலேயே அடுத்த வீட்டுக்கு ஆள் அனுப்பிய செயல் அது. பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. வாங்கும் நாடு என்ற அடையாளத்தை உதறிவிட வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. பிற்பாடு மறுசீரமைப்புக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன்களை இந்தியா பெற்றுக்கொண்டது.

இலங்கையில் நடந்தது நம் மூன்றாவது கதவுக்குச் சிறந்த சான்று. உலகெங்குமிருந்து பணம் குவிந்தது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த முல்லைத்தீவு போன்ற கரைகளுக்கு அதை யார் பகிர்வது? அதற்காக அரசும் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் நாள் ஒரு பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு செயலுக்கு வரவேயில்லை. கேட்டல் நடந்தது, கதவு திறந்தது, பணமும் வந்தது. பட்டியலை எழுதும் பேனா யார் கையில் என்பதில் எல்லாம் நின்றுபோயிற்று.

2008, 2009: கதவைத் தட்டிய உதவி

2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் இலங்கை அரசின் உத்தரவுப்படி வெளியேறின. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு மட்டும் தங்கியது. தமிழ்நாட்டில் மனிதச் சங்கிலியும் அனைத்துக்கட்சிக் கூட்டமும் நடந்தன. மக்களிடம் திரட்டப்பட்ட ஆயிரத்து ஐந்நூறு டன்னுக்கும் மேற்பட்ட உணவும் துணியும் பிற பொருள்களும் நவம்பரில் சென்னையிலிருந்து கப்பலேறின. 1987இல் செய்ததுபோல் அவை எல்லை மீறிச் செல்லவில்லை. கொழும்பு அரசின் சம்மதத்தோடு, செஞ்சிலுவைக் குழு பகிர்ந்தளிக்கும் என்ற ஏற்பாட்டோடு சென்றன. 2009 மார்ச்சில் புல்மோட்டையில் ஓர் இந்திய மருத்துவக் குழு கள மருத்துவமனையை அமைத்தது. வன்னியிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்பட்ட காயமுற்றோருக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. போருக்குப் பின் அக்குழு மெனிக் பார்ம் முகாம்களுக்கு அருகே சென்று பணியாற்றியது.

அந்த மருத்துவர்களின் பணியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் மனம் வராது. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த பத்தாம் நாளுக்குள், 2009 மே 27ஆம் நாள், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசு விரும்பிய தீர்மானத்தின்மீது வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, மலேசியா ஆகியவை இருந்தன. வளரும் வல்லரசுகள் ஏறத்தாழ முழு வரிசையாக அங்கே நின்றன. மூன்றாண்டுகள் கழித்து, 2012இல் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. மலேசியா நடுநிலை வகித்தது.

இதைக் கபடம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தலையிடாமை என்ற பழைய அறத்தை இந்நாடுகள் உண்மையாகவே நம்புகின்றன. இன்று இலங்கையைக் கேள்வி கேட்டால் நாளை தம்மைக் கேட்பார்கள் என்ற அச்சமும் அந்நம்பிக்கையோடு கலந்திருக்கிறது. நாம் அறிய வேண்டியது இதுதான்: உயிர் காக்கும் மருந்தை அனுப்பும் நாடு, அம்மக்களுக்காக வாக்களிக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. மருந்து ஒரு கணக்கு. வாக்கு வேறு கணக்கு.

வீடு: பட்டியல் ஒழுங்காக இருந்தால்

போருக்குப் பின் இந்தியா 2010இல் அறிவித்த 50,000 வீடுகள் திட்டம் இக்கட்டுரையின் நம்பிக்கைப் பகுதி. 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 மலையகத் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்த நிறுவனமே கட்டிக் கொடுத்தது. 2012 அக்டோபரிலிருந்து முறை மாற்றப்பட்டது. வீட்டுக்குரியவரின் வங்கிக் கணக்கிலேயே 5,50,000 இலங்கை ரூபாய் கட்டங்கட்டமாகச் செலுத்தப்பட்டது. அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் எழுந்ததும் ஒரு பகுதி. வீட்டுக்காரரே மேசனை அமர்த்தினார். மணலும் கல்லும் வாங்கினார். செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. வாழ்விட அமைப்பும் போன்றவை மேற்பார்வையிட்டன. விலையேற்றத்தால் அத்தொகை போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. ஆயினும் அரசு அரசுக்குக் கொடுத்த உதவி ஒரு தனி மனிதரின் பெயருக்கு நேராக வந்து நின்றது. பட்டியலில் உள்ளவரைக் கைநீட்டுபவராக நடத்தாமல் வீட்டு உரிமையாளராக நடத்திய முறை இது.

மலையகத்தில் அதே வேகம் வரவில்லை. காரணம் நம் தோட்டப்புற வரலாற்றை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும். லயன் அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் அந்த மண் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வீடு கட்டுவதற்கு முன் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஏழு பேர்ச் காணியை உரிமைப் பத்திரத்தோடு பெறுவதே ஒரு போராட்டமாயிற்று. 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டு, 2003 வரை நாடற்றோர் சிலரைக் கொண்டிருந்த சமூகம் அது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவழிப்பதற்கே தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்டப் பணி 2024 பிப்ரவரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கொடுப்பவர் கையில் பணம் இருந்தது. வாங்குபவரின் பெயரை ஏற்றுக்கொள்ளும் நிலப் பதிவேடுதான் இல்லை.

நம் நாடும் அதே பாதையில்

மலேசியாவை வல்லரசு என்று யாரும் அழைப்பதில்லை. எனினும் வாங்கும் நாடாக இருந்து கொடுக்கும் நாடாக மாறியவற்றுள் நாமும் ஒருவர். 1999இல் டாக்டர் ஜெமிலா மாமூட் தொடங்கிய மெர்சி மலேசியா இயக்கம் கொசோவோ, ஆச்சே எனப் பல இடங்களில் நற்பெயர் ஈட்டியது.

2017 பிப்ரவரியில் ரோஹிங்யா மக்களுக்கென 'நாட்டிகல் அலியா' என்ற கப்பல் இரண்டாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட உதவிப் பொருளோடு கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ரோஹிங்யா மக்கள் வாழும் ராக்கைன் மாநிலத்தின் சித்வே துறைமுகத்துக்கு நேரே செல்ல மியன்மார் அனுமதிக்கவில்லை. கப்பல் யாங்கூனில் நின்றது. அங்கே எதிர்ப்பாளர்கள் கூடி நின்றனர். சுமார் 500 டன் பொருள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு சமூகத்துக்கும் சமமாகப் பகிர வேண்டும் என்பது மியன்மாரின் நிபந்தனை. மீதம் வங்காளதேசத்தில் இருந்த அகதிகளுக்குச் சென்றது. 1987இன் இராமேசுவரப் படகுகளுக்கும் இந்தக் கப்பலுக்கும் முப்பதாண்டு இடைவெளி. கதவு மட்டும் அதே கதவு. அவ்வாண்டின் இறுதியில் மலேசியா காக்ஸ் பசாரில் கள மருத்துவமனை அமைத்தது. அகதிகள் எல்லையைக் கடந்துவிட்டதால் அங்கே உதவி எளிதாயிற்று.

வீட்டுக்கு வெளியே காட்டும் இரக்கத்தை வீட்டுக்குள்ளும் அளந்து பார்க்க வேண்டும். 1978 முதல் 1991 வரை திரங்கானு கரைக்கு அப்பால் உள்ள பீடோங் தீவில் வியட்நாமிய அகதிகளுக்கு இடமளித்தோம். சுமார் இரண்டரை லட்சம் பேர் அங்கே தங்கிச் சென்றனர். ஆனால் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. இந்தியாவும் அப்படியே. காக்ஸ் பசாரில் மருத்துவமனை கட்டிய நாட்டில், இங்குள்ள ரோஹிங்யா பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் முறையான இடமில்லை. வன்னிக்கு உணவு அனுப்பிய நாட்டில், முகாமிலேயே பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழருக்கு எளிதில் குடியுரிமை கிட்டுவதில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது நல்ல செயல். பெயர் மாற்றத்தைச் சட்டம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

2022: ஒரு மாற்றம்

இலங்கைப் பொருளாதாரம் சரிந்த 2022இல் இந்தியா கடனாகவும் பிற வகையிலும் ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டாலர் உதவியது. அதோடு தமிழ்நாடு அரசு தனியே உதவ முன்வந்தது. இந்திய அரசமைப்பின்படி வெளியுறவு மத்திய அரசுக்குரியது. மாநிலம் அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடியும். முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்களுக்கு அனுப்புவதாகவே முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமரிடம் கோரினார். அப்போது இலங்கைத் தமிழர் தரப்பிலிருந்தே வேறொரு வேண்டுகோள் வந்தது. எங்களுக்கென்று பிரித்து அனுப்பாதீர்கள், பசி எல்லாருக்கும் இருக்கிறது என்பதே அதன் சாரம். ஏப்ரல் 29ஆம் நாள் சட்டமன்றத் தீர்மானம் இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று அமைந்தது. மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால்மாவு, 24 டன் மருந்துகளோடு முதல் கப்பல் புறப்பட்டது.

இத்தனை இழந்த மக்கள் தம் பெயரை மட்டும் பட்டியலில் எழுத வேண்டாம் என்று சொன்னதை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். அதில் அறமும் இருந்தது, அனுபவமும் இருந்தது. தமிழருக்கு மட்டும் என்று முத்திரையிட்ட மூட்டை அண்டை வீட்டாரின் பகையையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதேவேளை, அனைவருக்கும் என்று அனுப்பிய மூட்டை கடைசி லயன் வரை போனதா என்று கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவுமில்லை. இரண்டும் சேர்ந்ததே ஒப்புரவு.

நாம் கேட்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலச்சரிவுகள் கண்டி, நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளைக் கடுமையாகப் பாதித்தன. இந்தியா உடனே கப்பல்களையும் மீட்புக் குழுக்களையும் அனுப்பியது; டிசம்பரில் 45 கோடி டாலர் மறுசீரமைப்பு உதவியை அறிவித்தது. அத்தொகை எவ்வளவு பெரியது என்பதை நாளேடுகள் சொல்லிவிட்டன. சரிந்துபோன லயன்களில் இருந்தவர்களுக்கு நிலம் எழுதித் தரப்படுமா என்பதைக் கேட்பது நம் வேலை.

நான் சொல்ல வந்ததைத் தொகுத்துக் கூறுகிறேன். வளரும் வல்லரசுகளின் உதவி மேற்கு நாடுகளின் உதவியைவிடப் போலியானதும் அன்று, தூயதும் அன்று. அது வேறொரு வழியில் வருகிறது; அரசின் வாசல் வழியாக வருகிறது. கதவை உடைத்தால் என்னவாகும் என்பதை 1987 காட்டியது. வாசலில் காத்து நின்றால் யாருக்குத் தாமதமாகும் என்பதை 2009உம் 2017உம் காட்டின. வாசலைக் கடந்த பிறகு பெயர் பெயராகக் கொடுத்தால் உதவி நிலைக்கும் என்பதை வன்னியில் எழுந்த வீடுகள் காட்டின. ஆகவே ஓர் உதவித் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். கேட்டவர் யார்? திறந்தவர் யார்? பட்டியலை எழுதியவர் யார், அதில் இடம்பெறாதவர் யார்?

இக்கேள்விகள் அரசுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. வெள்ளமோ புயலோ வரும்போது நம் கழகங்களும் உண்டியல் ஏந்துகின்றன. பழைய மாணவர்களும் தாராளமாகக் கொடுக்கின்றனர். அடுத்த முறை திரட்டிய பணத்தின் தொகையை அறிவிப்பதோடு நின்றுவிடாமல், அதைப் பகிரப்போகிறவரிடம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்போம். முகவரி மாறியவர், அட்டை இல்லாதவர், மையத்துக்கு வராதவர் அதில் இருக்கிறார்களா என்று பார்ப்போம். இல்லையென்றால் ஒருவர் நேரில் சென்று அந்தப் பெயர்களை எழுதி வரட்டும்.